வாழ்வோரைக் கேட்டார்களா?

நகரம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது எது? விண்ணை முட்டும் மாடங்கள். வழுக்கிச் செல்லும் சாலைகள். இரவைப் பகலாக்கும் விளக்குகள்! ஓவியன் தீட்டும் நகரம் அது. ஆனால், விடியுமுன் எழுந்து தெருவைக் கூட்டும் கை, காய்கறி மூட்டை சுமக்கும் தோள், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டுத் தன் வீட்டு அடுப்பை மூட்ட ஓடும் கால் — இவை இல்லையேல், அந்த மாடங்களில் ஒரு பொழுதேனும் கழியுமா? கல்லன்று நகரம், கல்லின்மேல் நடப்போரே நகரம்.

அந்த நகரத்தைச் சீராக்க வேண்டும், அறிவியலின் ஆற்றலை அதற்குத் துணையாக்க வேண்டும் என்று அரசுகள் திட்டம் தீட்டுகின்றன. தீட்டட்டும்! பகுத்தறிவை நம்புவோர் பொறியைக் கண்டு மருள்வதில்லை. மாட்டுவண்டிக் காலமே பொற்காலம் என்று பெருமூச்சு விடும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்லர் நாம். குழாயில் நீர் எப்போது வரும் என்பதை ஒரு கருவி அறிவிக்குமானால், குடத்தோடு காத்திருக்கும் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். அதை வரவேற்காதவன் மனிதனல்லன். நம் கேள்வி பொறியைப் பற்றியதன்று, முறையைப் பற்றியது. யாருடைய வாழ்வுக்காகத் திட்டம் வரையப்படுகிறதோ, அவரைக் கேட்டார்களா?

"நல்லதைத்தானே செய்கிறோம்! அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா?" என்று உடனே ஒரு குரல் எழும். எளிதில் தள்ளிவிடத்தக்க குரலன்று அது. கசக்கும் என்று அழும் குழந்தையின் சம்மதம் பெற்றா தாய் மருந்து புகட்டுகிறாள்? கொடுப்பது நன்மையானால், கேளாமற் கொடுப்பதில் என்ன குறை? அறத்தை ஆராய்ந்தோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. வெறும் ஏட்டு வினாவாக இதை விட்டுவிடவும் முடியாது. ஏனெனில், நம் நாட்டில் அண்மையில், பத்தாண்டுக் காலம், பல்லாயிரம் கோடி ரூபாய்ச் செலவில், இதற்கு ஒரு சோதனையே நடந்து முடிந்திருக்கிறது.

2015-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஒன்றிய அரசு 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தைத் தொடங்கியது. நூறு நகரங்கள், ஒன்றிய அரசின் பங்கு மட்டும் 48,000 கோடி ரூபாய், அதற்கு ஈடான தொகையை மாநிலமும் உள்ளாட்சியும் தர வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை, வேலூர், நெல்லை, தூத்துக்குடி, திருப்பூர், ஈரோடு எனப் பதினொரு நகரங்கள் இடம்பெற்றன. தமிழில் 'சீர்மிகு நகரம்' என்று பெயர் சூட்டினர். நல்ல பெயர்! ஆங்கிலப் பெயரில் இருப்பது கெட்டிக்காரத்தனம். தமிழ்ப் பெயரில் இருப்பது சீர். கெட்டிக்காரர் எல்லாரும் சீருடையோர் அல்லர் என்பதைத் தமிழ் அறிந்திருக்கிறது போலும்! 2025 மார்ச் 31-ஆம் நாளோடு திட்டத்தின் காலம் முடிந்தது.

திட்டத்தின் நெறிமுறைகள் மக்கள் பங்கேற்பைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசின. குடிமக்களின் கருத்தறிந்தே ஒவ்வொரு நகரமும் தன் திட்டத்தை வரைய வேண்டும் என்றன. கருத்தும் கேட்கப்பட்டது — இணையதளத்தில், கைப்பேசியில், அங்குமிங்கும் நடந்த கூட்டங்களில். ஆனால், கட்டமைப்பைப் பாருங்கள். நகரத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதைச் சீராக்குவதே திட்டத்தின் நடுநாடி. ஏற்கெனவே உள்ள பகுதியைச் செப்பனிடுவதானால் அது 500 ஏக்கருக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. சென்னை மாநகராட்சியின் பரப்போ 426 சதுர கிலோமீட்டர். ஏக்கர்க் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்தப் பெருங்கடலில் ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து, 'இது சீர்மிகு பகுதி' என்று கொடி நாட்டினால், எஞ்சிய பரப்பில் வாழ்வோர் எதில் மிகுந்தவர்கள்? வரி கட்டுவதிலா?

திட்டத்தை நடத்தும் பொறுப்பும் நகரமன்றத்திடம் இல்லை. நகரந்தோறும் ஒரு கம்பெனி! கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற கம்பெனி. பங்குகள் மாநில அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சரிபாதி. மேசையைச் சுற்றி இயக்குநர்கள். சென்னை மாநகராட்சி பிறந்தது 1688-இல். பெற்றெடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. முந்நூறு ஆண்டுகளுக்குமேல் உருண்டோடி, கம்பெனி போய், முடியரசு போய், குடியரசு வந்து... மீண்டும் ஒரு கம்பெனியின் வாயிலில் நகரம் நிற்கிறது! விரைந்து முடிக்க இதுவே வழி என்றார்கள். உண்மைதான். மக்களைக் கேட்காவிட்டால் எதையும் விரைந்து முடிக்கலாம்.

இதைவிடக் கொடிய செய்தி ஒன்று உண்டு. பலர் மறந்தே போன செய்தி. தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் நாள்! இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட காலம், 'எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை' என்று முறையிட ஒரு கவுன்சிலர் இல்லை. தனி அலுவலரே மன்றம். தனி அலுவலரே மேயர். சீர்மிகு நகரங்களுக்காகச் சாலைகள் தோண்டப்பட்டதும், ஒப்பந்தங்கள் கையெழுத்தானதும் பெரும்பாலும் இந்த ஆண்டுகளில்தான். பங்கேற்பு, பங்கேற்பு என்று நெறிமுறை முழங்குகிறது. பங்கேற்க வேண்டிய மன்றம் பூட்டிக் கிடக்கிறது! பந்தல் தயார், மேளம் தயார், விருந்து தயார். மணமகளுக்கு மட்டும் அழைப்பில்லை!

இந்தப் பழியை ஒரே கட்சியின் தலையில் சுமத்திவிட்டு நாம் நிம்மதியாக உறங்க முடியாது. 1973 முதல் 1996 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றமே இல்லை. கலைத்தபோது ஆண்டது தி.மு.கழகம், பின்னர்க் கோட்டையில் ஆட்சிகள் மாறின, மன்றத்தின் பூட்டு மட்டும் மாறவில்லை. 1974-இல் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது நம் சட்டமன்றம். நாம் பெருமையோடு நினைவுகூரும் தீர்மானம்! அந்த நாளில், அதே நகரில், நகரமன்றம் கலைந்து கிடந்தது. டெல்லி மாநிலத்தை மதிக்க வேண்டும் என்று முழங்கும் நாம், மாநிலம் மாநகரை மதிக்க வேண்டும் என்பதை எப்படி மறந்தோம்? உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்த 74-ஆவது திருத்தம் 1992-இல் நிறைவேறியது. அதன் பின்னும், நாம் கண்டபடி, 2016-இல் பூட்டு மறுபடியும் விழுந்தது.

சென்னையில் சீர்மிகு பகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய நகர். 1920-களில் மாம்பலத்து ஏரியை மூடி எழுப்பப்பட்ட நகர். அங்கே பாண்டி பசார் சாலையில் அகன்ற நடைபாதை அமைத்து 2019 நவம்பரில் திறந்தார்கள். நல்ல காரியம் அது. குறை சொல்லும் ஆசையால் அதை மறைப்பது நேர்மையாகாது. காருக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி, ஒட்டி நிற்கச் சுவரும் இல்லாத நிலைக்கு வந்துவிட்ட நடப்பவனுக்குச் சாலையில் பங்கு கிடைத்தது. கைக்குழந்தையோடு வரும் தாய் அங்கே அஞ்சாமல் நடக்கிறாள். ஆயினும், அந்த நடைபாதையில் பல்லாண்டு கடை விரித்துப் பிழைத்தவர்கள் அதற்கு முன்பே, 2013-இல், மாடிக் கட்டடம் ஒன்றுக்குள் அனுப்பப்பட்டுவிட்டார்கள். நடப்பவன் வாங்குவான் என்று நம்பித் தரையில் அமர்ந்தவனைப் படியேற்றி உட்கார வைத்தால், படியேறி வந்து வளையல் வாங்குவோர் எத்தனை பேர்? 2021 நவம்பர் மழையிலோ, சீர்மிகு தியாகராய நகர் தண்ணீரில் மிதந்தது. மூடினாலும் ஏரி தன் இடத்தை மறப்பதில்லை! எந்தத் தெருமுனையில் முதலில் நீர் ஏறும், எந்தக் கால்வாய் எந்தக் கட்டடத்தின் கீழே ஒளிந்திருக்கிறது என்பதை, நாற்பதாண்டு அங்கே வாழ்ந்த மூதாட்டி விரல் நீட்டிக் காட்டுவாள். வரைபடத்தை விரித்தவர்கள் அவள் வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்க வேண்டும்.

கிரேக்கத்து அறிஞன் அரிஸ்டாட்டில் இந்த இடத்தில் நமக்குத் துணை வருகிறான். வீட்டைக் கட்டியவனைவிட அதில் குடியிருப்பவனே வீட்டின் நிறைகுறையை நன்கறிவான். விருந்தைச் சமைத்தவனைவிட உண்பவனே அதன் சுவைக்கு நடுவன். சுக்கானைச் செதுக்கிய தச்சனைவிட மாலுமியே அதன் தரம் அறிவான் என்பது அவன் காட்டிய நியாயம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய நியாயம், இன்றும் பழுதில்லை. பழுது அவனிடத்தில்தான் இருந்தது. குடியிருப்பவன் என்று அவன் எண்ணியது ஆண்மகனை, அடிமையல்லாதவனை. அவன் வீட்டுத் தரையைத் துடைத்த அடிமைக்குத்தான் கூரை எங்கே ஒழுகுகிறது என்பது முதலில் தெரிந்திருக்கும். அவனைக் கேட்க அந்தப் பேரறிவாளனுக்குத் தோன்றவில்லை!

நம் நகரங்களின் கூரையும் அடித்தட்டில்தான் முதலில் ஒழுகுகிறது. திட்டம் நடந்த நூறு நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டளை, கட்டுப்பாட்டு மையங்கள் எழுந்தன. சுவரெங்கும் திரைகள், திரையெங்கும் தெருக்கள், எத்தனை வண்டி போயிற்று, எத்தனை குப்பைத்தொட்டி நிரம்பிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும் கருவிகள். எண்ணட்டும்! ஆனால், அதே நாட்டில், மனிதனைச் சாக்கடைக்குழியில் இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பின்னும், குழிக்குள் இறங்கி மூச்சுத்திணறி மாண்டவர்களின் செய்தி நின்றபாடில்லை. யார் இறங்குகிறார், எந்தச் சாதியில் பிறந்தவர் இறங்குகிறார் என்பதை இந்த ஏட்டைப் படிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று கேட்கிறேன். நகரத் திட்டம் தீட்டும் முதல் நாள் கூட்டத்தில், முதல் நாற்காலியைத் துப்புரவுத் தொழிலாளிக்குக் கொடுத்து, 'ஐயா, முதல் ரூபாயை எதற்குச் செலவிடலாம்?' என்று கேட்டிருந்தால், அவர் கேமராவையா கேட்டிருப்பார்?

நான் பள்ளியில் பாடம் சொல்பவன். குடிமையியல் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருநாள், 'உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும்? படம் வரைந்து வாருங்கள்' என்றேன். மறுநாள் வந்த படங்களில் மரம் இருந்தது. பந்தாட ஒரு திடல் இருந்தது. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருந்தது — அதை வரைந்தவர்கள் எல்லாரும் பெண்பிள்ளைகள். ஒரு சிறுவன், நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தை வரைந்து, 'நிற்க வேண்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். சிரித்தேன், பிறகு, அந்த நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பேருந்துகளை எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தம் நலம் எது என்று தெரிந்திருக்கிறது. அவர்களுடைய பெற்றோருக்குத் தெரியாது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

வகுப்பில் இன்னொன்றையும் கண்டிருக்கிறேன். பள்ளியாண்டின் நடுவில் ஒரு பெண்ணின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது. குடியிருப்பை அகற்றி, நகருக்கு வெளியே வீடு கொடுத்திருக்கிறார்கள், அவள் போய்விட்டாள். ஓலைக்கூரையிலிருந்து கான்கிரீட் கூரைக்குப் போனாள் — கணக்கெடுப்பாளனின் ஏட்டில் இது நலம். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவள் தாய், 'வீடு நல்லாத்தான் இருக்கு சார், வேலைக்குத்தான் வர முடியல' என்றார். எந்த ஏட்டில் இதை எழுதுவது?

இது ஒரு வீட்டுக் கதை அன்று. 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதே நோக்கமாக இருந்தது. நகருக்குள்ளே ஏழைக்கும் இடமுண்டு என்னும் அறம் அதில் இருந்தது. 2000-க்குப் பின் போக்கு மாறிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளின் முகவரி தெற்கே தெற்கே நகர்ந்தது. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்த குடும்பங்கள் பெருமளவில் பெரும்பாக்கம் அனுப்பப்பட்டன. மயிலாப்பூரிலும் எழும்பூரிலும் வேலை, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் வீடு! ஆற்றங்கரை ஆபத்தானது என்பது மெய். அந்த மெய்யைச் சொல்லி, 'வேலைக்கு எட்டும் தூரத்தில் எங்கே இடம் தரலாம், வாருங்கள் சேர்ந்து பார்ப்போம்' என்று உட்கார்ந்து பேசியிருக்கலாமே! வெள்ளத்திலிருந்து காக்கிறோம் என்று சொல்லிக் கொண்டுபோய் இறக்கிய இடங்களுள் செம்மஞ்சேரி, மழைக்காலந்தோறும் தானே நீரில் நிற்கும் இடம்.

இப்போது தாயும் குழந்தையும் என்னும் அந்த உவமைக்கு வருவோம். ஆண்டவர்கள் அனைவரும் கையாண்ட உவமை அது. வெள்ளையன் நம்மைக் குழந்தை என்றான். தனக்குத் தந்தை வேடம் போட்டுக்கொண்டான். பண்ணையார் கூலியாளைப் பார்த்து, 'அவனுக்கென்ன தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார். கணவன் மனைவியைப் பார்த்து இன்றும் சொல்கிறான். மூவருமே சில வேளைகளில் நன்மையும் செய்தனர், யார் மறுத்தது? இரயில் வந்தது, பொங்கலுக்குத் துணி வந்தது, நகையும் வந்தது. வராதது ஒன்றுதான் — 'உன் விருப்பம் என்ன?' என்னும் வினா. அந்த வினா கேட்கப்படாத வீட்டில் நிறைய நெல் இருக்கலாம். நிமிர்ந்த தலை இருக்காது. தன்மானத்தை நீக்கிவிட்டு நலத்தை அளக்க முடியும் என்பவர்கள், சிறையில் மூன்று வேளை உணவு கிடைக்கிறது என்பதற்காக அங்கே குடியேறுவார்களா? கேட்கப்படுவது நலத்துக்கு மேலே தூவும் அலங்காரமன்று. நலத்தின் ஒரு பாதியே அதுதான்.

இங்கே நம்மவரே ஒரு தடை எழுப்புவார்கள், எழுப்பத்தான் வேண்டும். 'மக்களைக் கேள் என்கிறாய், எந்த மக்களை? சேரியை ஊருக்கு வெளியே தள்ளியதும் மக்கள்தானே? ஒரு தெருவில் வாக்கெடுத்தால், "இந்தச் சாதியானுக்கு இங்கே வீடு கொடுக்காதே" என்று பெரும்பான்மை கை தூக்காதா?' தூக்கும். இந்தத் தடைக்கு முன் எளிய விடை இல்லை. குடியிருப்போர் நலச் சங்கம் என்ற பெயரில் கூடுவோரிற் பலர் வீட்டுக்காரர்கள்; வாடகைக்கு இருப்பவர் அங்கே அரிது; நடைபாதையில் இட்டிலி விற்கும் அம்மையார் அங்கே 'ஆக்கிரமிப்பு' என்னும் பொருளாகத்தான் பேசப்படுவார், பேசுபவராக அல்ல! ஆகவே பங்கேற்பு என்ற சொல்லைக் கண்ட இடத்தில் கைதட்டும் பழக்கம் நமக்கு வேண்டாம். ஒருவனுடைய குடியிருக்கும் உரிமையை வாக்குக்கு விட எந்தப் பெரும்பான்மைக்கும் அதிகாரமில்லை. சாக்கடையின் சரிவையும் வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும், அது பொறியாளர் வேலை. எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை என்பதுதான் மக்கள் வேலை. அதிலும், இழப்பு யாருக்கு மிகுதியோ அவருக்கே முதற்சொல். 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வணிகர் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது: நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேருக்குக் குறையாமல் வணிகர்களே தேர்ந்தெடுத்த வணிகர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றிலொருவர் பெண்கள். குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்பது வேறு கதை. கொள்கை சரி.

மக்கள் அறியாமையில் உழல்கிறார்கள், அவர்களிடம் பணத்தைப் பற்றிய முடிவை விடலாமா என்பவர்களுக்குப் பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் விடை சொல்லும். 1964 முதல் 1985 வரை படையாட்சியில் கிடந்த நாடு அது. 1989-இல் அந்நகரின் பொறுப்பேற்ற தொழிலாளர் கட்சி, புதிய முதலீட்டுக்கான நகராட்சிப் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை மக்கள் கூட்டங்களிடமே விட்டது. நகரம் பதினாறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது, வட்டாரந்தோறும் கூட்டம், கூட்டத்தில் வண்டியோட்டியும், வீட்டு வேலை செய்பவளும், முடிதிருத்துபவரும். 'எங்களுக்குக் குடிநீர்', 'எங்களுக்குக் கழிவுநீர்க் குழாய்' என்று பட்டியலிட்டார்கள். வெறும் கூச்சலாக முடியாமல் அதற்கொரு கணக்கும் வகுத்தார்கள்: எந்த வட்டாரத்தில் வசதி குறைவோ அதற்கு மதிப்பெண் கூடுதல். படிப்பு குறைந்தவர்கள் வரவு செலவுத் திட்டம் படிக்கக் கற்றார்கள். முதலாண்டு வந்தவர் சிலர். பின்னாளில் ஆயிரமாயிரமாய் வந்தனர். ஏன் வந்தனர்? சென்ற ஆண்டு கேட்ட குழாய் இந்த ஆண்டு தெருவுக்கு வந்துவிட்டது, அதனால் வந்தனர்! பேச்சுக்குப் பலன் உண்டென்று கண்டவன் பேச வருவான். 'நம் மக்கள் கூட்டத்துக்கு வருவதில்லை' என்று அலுத்துக்கொள்ளும் அதிகாரிகள் இந்த ஒரு வரியைத் தம் அறையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். 2004 தேர்தலில் அந்தக் கட்சி நகரை இழந்தது. அதன்பின் அந்த முறையும் மெல்ல மெல்ல வலுவிழந்தது. மேலிருந்து தந்த அதிகாரத்தை மேலிருந்தே திரும்பப் பெற முடிந்தது. அதையும் நாம் மறக்கலாகாது. அண்டையில் கேரளம் 1996-இல் மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி மக்கள் திட்டம் தொடங்கியது. கடல் கடந்துதான் பாடம் கற்க வேண்டும் என்பதில்லை.

இன்னொரு நகரின் கதை, 'வேண்டாம்' என்னும் சொல்லின் வலிமையைக் காட்டும். கனடாவின் டொரன்டோ நகரில் ஏரிக்கரையை ஒட்டி 12 ஏக்கர் நிலத்தில், கருவிகளே கண்ணாகவும் காதாகவும் விளங்கும் ஒரு புது நகரை அமைக்க, கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த சைட்வாக் லேப்ஸ் 2017-இல் முன்வந்தது. 2019-இல் அதன் திட்டம் வெளிவந்தபோது, 12 ஏக்கர் 190 ஏக்கராக வளர்ந்திருந்தது! 'தெருவில் நடக்கும் எங்களைப் பற்றிக் கருவி திரட்டும் செய்தி யாருடைய சொத்து? எங்களைக் கேட்காமல் எங்களை எண்ணலாமா?' என்று நகர மக்கள் திரண்டு கேட்டனர். கேள்வி ஓயவில்லை. 190 மீண்டும் 12 ஆயிற்று. 2020 மே மாதம், கொள்ளைநோய்க் காலத்தின் பொருளாதார நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் விலகிக்கொண்டது. எதைக் காரணம் காட்டினாலும், 178 ஏக்கரைத் திரும்பப் பெற்றது மக்களின் கேள்விதான். 'ஆம்' என்று மட்டும் சொல்ல அழைக்கப்படுகிறவன் பங்காளியல்லன். அவன் பார்வையாளன், கைதட்ட வந்தவன்.

அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அம்மையார் 1969-இல் பங்கேற்புக்கு ஓர் ஏணி வரைந்தார். எட்டுப் படிகள். அடிப்படியில் ஏமாற்று, நடுவில் தகவல் சொல்லுதல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்தல், உச்சியில் குடிமக்களின் அதிகாரம். நம் சீர்மிகு நகரங்கள் எந்தப் படியில் நின்றன என்பதை, இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அதன்பின் என்ன நடந்தது என்று இன்றுவரை அறியாதவர்கள் சொல்லட்டும்.

தமிழ்நாட்டில் இன்று ஏணி முற்றிலும் இல்லாமற் போகவில்லை. 2022 தேர்தலில் மன்றங்கள் திரும்பின. இடங்களில் பாதி பெண்களுக்கு. சென்னையின் மேயர் நாற்காலியில் முதன்முறையாக ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணொருவர் அமர்ந்தார். அதே ஆண்டு வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, நவம்பர் 1-ஆம் நாள், உள்ளாட்சி நாளன்று, பகுதி சபைகள் கூடின. கிராமத்தானுக்கு இருந்த கிராம சபை போன்ற ஒன்று நகரத்தானுக்கும் வந்தது. குறை உண்டு: வார்டு குழு உறுப்பினரைப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். சபை கேட்கலாம், பரிந்துரைக்கலாம். அதன் சொல் மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நமக்கு வேண்டுவது அதற்கு மேலே இரண்டு படி: உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, வார்டுக்கென ஒதுக்கிய பணத்தில் முடிவெடுக்கும் உரிமை.

அது வரும்வரை உள்ளதைச் சும்மா விடலாகாது, தோழர்களே! உங்கள் வார்டில் பகுதி சபை கூடும் நாளை மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டறியுங்கள். படிப்பகத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். தெருக்கூட்டுபவரை, தள்ளுவண்டிக்காரரை, வாடகைக்கு இருப்பவரை உடனழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் பேசும்போது இடைமறிக்காதிருங்கள், படித்தவன் பேசத் தொடங்கினால் கூட்டம் அவனுடையதாகிவிடும். சென்ற ஆண்டு இந்த வார்டுக்கு எத்தனை ரூபாய் வந்தது, எந்தத் தெருவுக்குப் போயிற்று? அகற்றப்படவுள்ள வீடுகள் எவை, அவர்களிடம் யார் பேசினார், எங்கே அனுப்புகிறார்கள், அங்கே பள்ளி உண்டா, பேருந்து உண்டா? குழிக்குள் ஆள் இறங்காமல் அடைப்பெடுக்கும் பொறி இந்த வட்டாரத்தில் எத்தனை? விடையை எழுத்தில் கேளுங்கள். விடை சொல்ல வேண்டிய பொறியாளர் கூட்டத்துக்கு வந்திருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள்.